எத்தனை காதம் என்று கேட்போம்

(மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கருத்து)

சிலம்பை உடைத்து நீதி கேட்ட கண்ணகியை நாம் எல்லோரும் அறிவோம். மேடைப் பேச்சிலும் ஆண்டுவிழா நாடகத்திலும் அவளை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கண்ணகி மதுரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் சிலரே. அவள் நடந்து போனாள். நம்முடைய காவிரிக் கரையோடுதான் நடந்து போனாள்.

நாடுகாண் காதையில் இளங்கோவடிகள் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பொழுது புலருமுன் புகார் நகரை விட்டுப் புறப்பட்ட கண்ணகி, ஒரு காத தூரம் வருவதற்குள் கால் நொந்து போகிறாள். மதுரை எங்கே இருக்கிறது என்று கணவனைக் கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே, 'ஆறைங்காதம்' என்கிறான். ஆறு ஐந்து முப்பது. முப்பது காதம் என்று நேராகச் சொன்னால் மனம் தளர்ந்துவிடுவாள் என்று, ஆறோ ஐந்தோ என அவள் எண்ணிக்கொள்ளும்படி சொன்னான் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அன்பினால் மறைத்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மறைப்பு மறைப்புத்தானே? நடக்க வேண்டிய கால்கள் அவளுடையவை. தூரம் மட்டும் அவளுக்குச் சொல்லப்படவில்லை.

இன்றைய மாணவியரான நம் நிலை என்ன? நமக்கு வாகனம் இருக்கிறது. அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி, 2001-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கப்பெற்று, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை முதலாண்டு பயிலும் எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. அதனால் நம்மில் பலர் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நிற்கிறது. ஆனால் அந்தச் சைக்கிளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு. படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் அது தம்பியிடம் போய்விடுகிறது, அல்லது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாய்ந்து துருப்பிடிக்கிறது. சைக்கிள் தந்தவர்கள் வழி தரவில்லை. வழியை யாரும் தரவும் முடியாது. நாமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நமக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் வேடிக்கைக்காக ஓட்டவில்லை. பேருந்துக்காகக் காத்திருந்த நேரமும், யாராவது அழைத்துப் போவார்களா என்று பார்த்திருந்த நேரமும் அவர்கள் கைக்குத் திரும்பி வந்தன. அவர்கள் சைக்கிளோட்டிப் பெற்றது அந்த உரிமை. அவர்களின் பேத்திகள் வயதில் இருக்கும் நாம் அடுத்த படி ஏற வேண்டாமா?

அடுத்த படி நெடுவழிப் பயணம் என்று நான் கருதுகிறேன். அதிலும் பயணத்தைவிடப் பயணத்திற்கு வழி வகுப்பதே முதன்மையானது.

பிரிட்டன் நாட்டு மக்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அந்நாட்டின் தென்மேற்கு மூலையில் லேண்ட்ஸ் எண்ட் என்ற முனை இருக்கிறது. வடகிழக்கில் ஸ்காட்லாந்தின் எல்லையில் ஜான் ஓ குரோட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சாலை வழியாக ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். ஆண்டுதோறும் எத்தனையோ பேர் இதைச் சைக்கிளில் கடக்கிறார்கள். 1954-ஆம் ஆண்டு ஐலீன் ஷெரிடன் என்ற பெண்மணி இத்தூரத்தை 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் கடந்து சாதனை படைத்தார். அவர் ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ளவர். ஒரு குழந்தைக்குத் தாய். ஆனால் சாதனைக்காரர்களைவிட, பத்துப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகும் சாதாரண மக்களிடம்தான் நாம் கற்க வேண்டியது அதிகம். அவர்கள் புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நிலப்படத்தை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இரவு எங்கே தங்குவது, மேடு எங்கே, பெருஞ்சாலையைத் தவிர்க்கும் சிறுசாலை எது என்று குறிக்கிறார்கள். அந்நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், பலரும் தெற்கே தொடங்கி வடக்கே போகிறார்கள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும் என்பது அவர்கள் கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிஸ்டல் நகரில் 1977-ஆம் ஆண்டு சைக்கிள் ஆர்வலர் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதைத் தடத்தில் பிரிஸ்டலிலிருந்து பாத் நகர் வரை, ஏறக்குறைய 21 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை அமைத்தார்கள். தொண்டர்களும் மண்வெட்டி பிடித்தார்கள். அந்தச் சிறு தொடக்கமே பின்னாளில் நாடு தழுவிய சைக்கிள் வழித்தொகுப்பாக வளர்ந்தது. நம் பகுதியிலும் மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் 1986-ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. ஆனால் அங்கே ரயிலே மீண்டும் வர வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை. அந்தத் தடத்தை நாம் கேட்க வேண்டாம். நமக்கு ஆற்றங்கரை இருக்கிறது.

ஆகவே நான் முன்வைக்கும் வழி இதுதான்: பூம்புகார் முதல் கல்லணை வரை, காவிரியை ஒட்டி. பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை, அங்கிருந்து குத்தாலம் வழியாகக் கும்பகோணம், பிறகு சுவாமிமலை வழியாகத் திருவையாறு, அதன்பின் பூண்டி, திருக்காட்டுப்பள்ளி, கல்லணை. மொத்தம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கண்ணகி நடந்த திசையும் இதுவே.

ஏன் கல்லணையில் தொடங்கி ஆற்றோடு இறங்கக் கூடாது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை காற்றிலும் மாதத்திலும் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வரும். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது வழக்கமாதலால், தண்ணீர் உரிய காலத்தில் வந்த ஆண்டுகளில் ஆடிப்பெருக்கன்று ஆறும் நிறைந்திருக்கும். அப்போது புறப்படுவதானால் கல்லணையிலிருந்து கடலை நோக்கி வருவதே சரி. ஆனால் அம்மாதங்களில் நண்பகல் வெயில் கடுமை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கரைச்சாலையின் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு ஓட்ட விடாது. தை மாதத்தில் மழை ஓய்ந்து, காலை குளிர்ந்து, காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். எனவே தை மாதமானால் கடலில் தொடங்கி மேற்கே போக வேண்டும். மாதம் மாறினால் திசை மாறும். இதைப் பூகோளப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த நமக்கு, ஒரு சைக்கிள் பயணத்தைத் திட்டமிடும்போதுதான் அதன் பொருள் விளங்கும்.

தை மாதத்திலும் தொல்லை இல்லாமல் இல்லை. அது சம்பா அறுவடைக் காலம். சாலையின் பாதியில் நெல்லைப் பரப்பிக் காய வைப்பார்கள். சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள். வைக்கோல் சிதறிக் கிடக்கும். அது சைக்கிள் சங்கிலியில் சுற்றிக்கொண்டால் இறங்கிப் பிடுங்க வேண்டும். கொள்முதல் நிலையங்களை நோக்கி மூட்டை ஏற்றிய லாரிகள் வரும். விடியற்காலையில் பனிமூட்டம் இருக்கும். ஆகவே நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, முற்பகலுக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட வேண்டும். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று மெதுவாகவே கணக்கிட்டாலும், நாளைக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் என்பது மூன்று, நான்கு மணி நேர வேலை. நான்கு நாளில் கல்லணையை அடைந்துவிடலாம். கண்ணகியும் நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் நடக்கவில்லை, பல இடங்களில் தங்கித் தங்கியே சென்றாள் என்று காப்பியம் சொல்கிறது. விரைவு நமக்கு நோக்கமன்று.

நம் வழியில் மலையில்லை. டெவன், கார்ன்வால் மேடுகளில் பிரிட்டன்காரர் படும் பாடு நமக்கில்லை. கடற்கரையிலிருந்து கல்லணை வரை ஏறும் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. தஞ்சை – விக்கிரவாண்டி நெடுஞ்சாலையில் கார்களும் பேருந்துகளும் விரைவதால் அதைக் கூடியவரை விலக்க வேண்டும். கிராமச் சாலைகளும் கரைச் சாலைகளும் நமக்குப் போதும். அங்கே எந்தப் பாலம் குறுகல், எந்தக் கரை உடைந்திருக்கிறது, எந்த ஊரில் சைக்கிள் கடை இருக்கிறது என்பதை எந்தப் படமும் முழுமையாகச் சொல்லாது. அவ்வூர்களிலிருந்து வரும் மாணவியரைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். கைப்பேசியில் பார்த்தால் போதாதா என்பார்கள். கைப்பேசி வழியைக் காட்டும். நேற்று அந்தச் சாலையில் நெல் கொட்டியிருக்கிறார்கள் என்று சொல்லாது.

இனி, வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று. ஒரு பையன் இந்த வழியை வகுத்தால் சாலை, காற்று, தூரம் என்ற மூன்றோடு முடித்துவிடுவான். ஒரு பெண் வகுத்தால் முதலில் கழிப்பிடத்தைக் குறிப்பாள். வெளியூர்ப் பயணம் என்றால் நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் குடிக்காமல் போகிறோம். வெயிலில் சைக்கிள் ஓட்டுபவள் தண்ணீர் குடிக்காமலிருந்தால் மயங்கி விழுவாள். ஆகவே ஒவ்வொரு பத்துக் கிலோமீட்டருக்கும் பெண்கள் பயன்படுத்தத்தக்க ஒரு கழிப்பிடம், அது பள்ளியோ ஆலயமோ தெரிந்தவர் வீடோ, படத்தில் குறிக்கப்பட வேண்டும். குறிக்க முடியாத இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். அந்த வட்டங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஊராட்சித் தலைவருக்கு அனுப்பினால், அது நம் பயணத்திற்கு மட்டுமல்ல, அந்த ஊரில் நாற்று நடும் பெண்களுக்கும் பயன்படும். நாம் தீட்டும் வழிப்படம் நம் நாட்டின் குறைகளையும் காட்டும் படமாகிவிடும். இதைவிடச் சிறந்த சமூகவியல் பாடம் வேறு உண்டா?

இப்போது பெற்றோரின் கவலைக்கு வருகிறேன். அந்தக் கவலையை நான் எள்ளவில்லை. இரவில் எங்கே தங்குவார்கள், யார் துணை, வழியில் யாராவது தொல்லை கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று தாய் தந்தையர் கேட்பது இயல்பு. துணிவுப் பேச்சு இதற்கு விடையாகாது. ஏற்பாடுதான் விடை. வழியிலுள்ள பங்கு ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் இரண்டு மாதம் முன்பே கடிதம் எழுதலாம். பூண்டி மாதா பேராலயத்தில் பயணிகள் தங்குவதற்கு விடுதி உண்டு. கூடவே ஒரு குட்டி யானை வண்டியில் மருந்துப்பெட்டி, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், காற்றடிக்கும் பம்பு, களைத்தவருக்கு இடம். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணிக்கு இருப்போம் என்ற நேர அட்டவணை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. நான்கு இரவு வெளியே தங்குவதில் மனமில்லாத பெற்றோருக்காக, நான்கு சனிக்கிழமைகளில் நான்கு பகுதியாகப் பிரித்தும் இதை முடிக்கலாம். பொதுத்தேர்வு எழுதும் இரண்டாமாண்டு மாணவியரைச் சேர்க்க வேண்டாம்.

விருந்தோம்பலுக்கு நம் நாடு பேர் பெற்றது. ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணியை நோக்கிச் சாலையெல்லாம் மக்கள் நடந்து போவதைப் பார்க்கிறோம். சைக்கிளில் போவோரும் உண்டு. ஊருக்கு ஊர் தண்ணீரும் மோரும் உணவும் கொடுக்கிறார்கள். இன்ன மதத்தார் என்று கேட்பதில்லை. நெடுந்தொலைவு போகிறவர்களைப் பேணும் பழக்கம் நம் மக்களுக்குப் புதிதன்று. பெண்பிள்ளைகள் தாமாக வகுத்த வழியில் போவதுதான் புதிது.

கண்ணகி பயணத்திற்கும் நம் பயணத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் எவருக்கும் சொல்லாமல் இருட்டில் புறப்பட்டார்கள். நாம் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தில் புறப்படுவோம். திட்டமிட்ட பயணம் பெற்றோரை எதிர்ப்பதன்று. அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே விடை எழுதி வைப்பது.

அப்படியானால் ஆசிரியைகளே வழியை வகுத்துத் தரட்டுமே, மாணவியர் ஓட்டட்டுமே என்று சிலர் சொல்லலாம். அப்படிச் செய்தால் அது சுற்றுலா. சுற்றுலாவில் நாம் மூட்டையைப் போல ஏற்றி இறக்கப்படுகிறோம். எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறோம் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. 'ஆறைங்காதம்' என்ற பதிலோடு திருப்தியடைந்து நடக்கிறோம். நான் கேட்பது வேறு. நிலப்படத்தை மாணவியர் கையில் கொடுங்கள். தூரத்தை நாங்கள் அளக்கிறோம். செலவை நாங்கள் கணக்கிடுகிறோம். கடிதங்களை நாங்கள் எழுதுகிறோம். தவறு இருந்தால் சிவப்பு மையால் திருத்துங்கள். மீண்டும் எழுதிக் கொண்டு வருகிறோம்.

இதில் அருட்சகோதரிகளின் பங்கு என்ன? அதற்கும் சிலப்பதிகாரத்திலேயே விடை இருக்கிறது. காவிரிக் கரையில் கண்ணகியும் கோவலனும் சந்தித்த கவுந்தியடிகள் ஒரு சமணப் பெண் துறவி. போக வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவர், அவர்கள் உறுதியாக இருப்பதைக் கண்டு தாமும் உடன் புறப்பட்டார். புறப்படுமுன் அவர் செய்ததுதான் எனக்கு வியப்பளிக்கிறது. வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். சோலை வழியே போனால், கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். பலாக்கொட்டைகள் பரல் போல் உறுத்தும். வயல் வழியே போனால், நீர்நாய்க்கு அஞ்சி மீன் துள்ளும், கண்ணகி மிரள்வாள். தேன் கலந்த நீரைத் தாகத்தில் அள்ளிக் குடித்துவிடுவாள். வரப்பில் நண்டும் நத்தையும் காலடியில் சிக்கி நசுங்கும். இரண்டு வழியின் இடரையும் முழுமையாகச் சொல்லி, எச்சரிக்கையாக நடக்கச் சொல்லி, பிறகு தாமும் கூட நடக்கிறார். நம் காவிரி நாட்டில், தமிழ் இலக்கியத்தில் பதிவான வழித்திட்டம் ஒன்றை எடுத்துச் சொன்னவர் ஒரு பெண் துறவி என்பது நமக்குப் பெருமையல்லவா?

கோவலன் தூரத்தை மறைத்தான். கவுந்தியடிகள் இடரைச் சொன்னார். இரண்டும் அன்புதான். ஆனால் பெண் குழந்தைகளுக்கு வேண்டியது இரண்டாவது வகை அன்பு. பெற்றோரிடமும் பெரியோரிடமும் நாம் கேட்க வேண்டியது இதுவே: எங்களுக்குக் குழி இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்; முடிந்தால் கூட வாருங்கள்; தூரத்தை மட்டும் மறைக்காதீர்கள்.

ஏனெனில் கல்லணையோடு முடிகிற செய்தியன்று இது. மேற்படிப்புக்கு எந்த ஊர் போவது, விடுதிக்கு என்ன செலவாகும், அந்த வேலைக்கு எத்தனை ஆண்டு படிக்க வேண்டும், அந்த ஊரில் இரவுப் பேருந்து உண்டா என்று நாளை நாம் வகுக்க வேண்டிய வழிகள் எத்தனை! 130 கிலோமீட்டருக்கு வழி வகுத்துப் பழகியவள், அவற்றையும் தாளில் எழுதி, விடை கண்டு, வீட்டாரிடம் எடுத்துச் சொல்வாள். பழகாதவள், பிறர் சொன்ன வழியிலே போவாள். அல்லது போகாமலே இருந்துவிடுவாள்.

தோழியரே, பூம்புகாரில் கட்டப்பட்டுள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் சுவர்களில் கண்ணகியின் கதையைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். அந்த வாசலில் நம் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக் காற்றுச் சரிபார்க்கும் நாள் வர வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அடுத்த கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே வகுப்புக்கு நால்வர் கொண்ட ஒரு குழு அமைப்போம். ஒரு குழு தூரத்தை அளக்கட்டும். ஒரு குழு தங்குமிடங்களுக்கு எழுதட்டும். ஒரு குழு தண்ணீரும் கழிப்பிடமும் குறிக்கட்டும். ஒரு குழு செலவுக் கணக்கும் பெற்றோருக்கான அட்டவணையும் எழுதட்டும். ஆயுத பூஜை விடுமுறைக்குள் முழுத்திட்டத்தையும் தலைமையாசிரியை அவர்கள் மேசையில் வைப்போம். அனுமதி தருவதும் மறுப்பதும் அவர்கள் உரிமை. கேட்கத் தகுதியான முறையில் கேட்பது நம் கடமை.